பொட்டு வைத்த நாம்பன்கள்

லெவின் அன்று டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், எடுக்காமல் வந்தார். பல்லைக் காட்டுவதற்கும் டெர்மின், தலைமயிர் வெட்டுவதற்கும் டெர்மின் என்றிருக்கிற நாட்டில் முப்பத்தொரு வருடம் இருந்துவிட்ட இரத்தினத்துக்கு, ஒருவர் சொல்லாமல் வந்தாலே பயம். அதுவும் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி, மூடுபனி மாட்டுக் கொட்டில் கூரைவரைக்கும் இறங்கி நிற்கிறது, கதவடியில் ஒரு சாம்பல் நிறக் கார். நல்ல காரியத்துக்கு வருகிற மனுசன் ஏன் இவ்வளவு வெள்ளென வரவேண்டும்?

லெவின் நகரத்து யூத சபையின் ஆள். உக்ரைனில் பிறந்து, இருபது வருடத்துக்கு முன்னர் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். கறுப்புத் தொப்பி, சேறு படிந்த ரப்பர் சப்பாத்து, சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி. சபைக்காரர் சாப்பிடும் கோஷர் இறைச்சி, அதாவது அவர்களுடைய சமயச் சட்டத்துக்கு ஒத்த இறைச்சி, இதுவரை எங்கெங்கோ இருந்து பெட்டியில் வந்துகொண்டிருந்தது. அந்த மாடுகள் எப்படி வளர்ந்தன, யாரிடம் அடி வாங்கின என்று ஒருவருக்கும் தெரியாது. கத்தி சுத்தமாக இருந்தால் மட்டும் போதுமா என்று சபையில் சிலர் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டுக் கேட்டு, கடைசியில் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே மலைமேட்டில் பண்ணை வைத்திருக்கும் கூப்லரோடு ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். பதினொரு நாம்பன் கன்றுகள், எல்லாம் ஆண்கன்று. எட்டு மாதம் வைக்கோல் படுக்கையில், கட்டாமல், அடிக்காமல் வளர்க்க வேண்டும். பிறகு லொறியில் எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போகும். மயக்காமல் அறுப்பதற்கு ஜெர்மனியில் லேசில் அனுமதி கிடைக்காது. வியாழக்கிழமை லொறி வருவதாக ஏற்பாடு.

அந்த எட்டு மாதமும் கன்றுகளைப் பார்த்தது இரத்தினம்தான். ஐம்பத்தேழு வயது. இருபத்தைந்து வருடம் கோப்பை கழுவின உணவகம் பூட்டுப்பட்ட பிறகு, முழங்கால் தேய்ந்த ஒரு மனுசனை வேலைக்கு எடுக்க ஊரில் ஒருவரும் இல்லை. கூப்லர்தான் எடுத்தார். பால் கறக்கும் கட்டிடத்துக்கு மேலே இரண்டு அறை வீடும் கொடுத்தார். ஆனால் வேலை ஒப்பந்தம் பெப்ரவரியோடு முடிகிறது. "இந்தப் பதினொண்டும் பிழையில்லாமல் போனால் உமக்கு நிரந்தர வேலை. போகாட்டி நான் கன்றுக் கொட்டிலைப் பூட்டிப்போடுவன்" என்று கூப்லர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கொட்டில் பூட்டினால் வேலையும் இல்லை, மேலே இருக்கிற இரண்டு அறையும் இல்லை. ஆகவே லெவினுடைய கொப்பியில் விழுகிற ஒவ்வொரு கோடும் இரத்தினத்தின் நெஞ்சில் விழுந்தது.

லெவினும் இரத்தினமும் பேசிக்கொள்வது ஜெர்மனில்தான். இருவருடையதும் பிறகு வந்து பொறுக்கிச் சேர்த்த ஜெர்மன். ஒருவர் விட்ட பிழையை மற்றவர் கவனிப்பதில்லை. இரத்தினத்தின் காதுக்குள் நுழைந்ததும் அது யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிடும். நாங்களும் அப்படியே கேட்போம்.

"காலமைச் சாப்பாடு முடிஞ்சுதோ?" என்று கேட்டார் லெவின்.

"இன்னும் இல்லை."

"கன்றுகளுக்கு?"

"அதுகளுக்குப் போட்டாச்சு."

"எப்பவும் அப்பிடித்தானோ? முதல் அதுகள், பிறகு நீர்?"

இதென்ன கேள்வி? இரத்தினம் லெவினின் கண்ணைப் பார்த்தார். கண்ணில் ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பிட்டுவிட்டுக் குனிந்து வைக்கோல் அள்ளினால் நெஞ்செரியும். அதனால்தான் அவர் வேலை முடித்துச் சாப்பிடுகிறவர். அதைச் சொன்னால் பிழையா, சொல்லாவிட்டால் பிழையா?

"ஓம். எப்பவும் அதுகள்தான் முதல்."

லெவின் தலையை ஆட்டிவிட்டுக் கொப்பியில் எழுதினார். எழுதுகிறவன் என்ன எழுதுகிறான் என்று தெரியாமல் பக்கத்தில் நிற்பது போன்ற வேதனை வேறில்லை. அகதி விண்ணப்பம் கொடுத்த காலத்திலிருந்து இரத்தினத்துக்கு அந்த வேதனை நல்ல பழக்கம்.

பிறகு லெவின் கம்பிக்குக் கிட்டப் போனார். அந்த இனத்துக் கன்றுகளுக்கு உடம்பு சிவலை, முகம் சுத்த வெள்ளை. அந்த வெள்ளை முகங்களில் நாலில், நெற்றியில் இருந்து மூக்குவரைக்கும் சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது.

"இதென்ன?"

இரத்தினம் கம்பியைக் காட்டினார். "அடிபட்டது. தீன் போடேக்கை இந்தக் கம்பியிலை தலையை இடிச்சுப்போட்டுதுகள்."

"நாலுமோ?"

"நாலும்தான்."

லெவின் கையை நீட்டி ஒரு கன்றின் நெற்றியைத் தொட்டார். சிவப்பை இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தார். மூக்கடியில் வைத்து மணந்தார். பிறகு இரத்தினத்தை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒருதரம் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

அது குங்குமம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாட்டுக்குப் பொங்கும் பட்டிப்பொங்கல் போன வெள்ளிக்கிழமையே வந்து போய்விட்டது. ஆனால் இங்கே எங்கள் ஆட்களுக்கு எல்லா விசேசமும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். சூரியனே லீவு பார்த்துத்தான் மகரத்துக்குள் நுழையவேண்டும். ஞாயிறு காலை கூப்லர் தாயைப் பார்க்க ஊல்ம் நகருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரத்தினத்தின் மனைவி கலாதேவி பொங்கிய பானையோடும் கற்பூரத் தட்டோடும் கொட்டிலுக்கு இறங்கி வந்தாள்.

பால்பண்ணை என்றுதான் கோயிலடியில் அவள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். இறைச்சிக்கு வளர்க்கிற கொட்டில் என்று வாய் திறந்ததில்லை. அது அவளுக்குள்ளே அரித்துக்கொண்டிருந்தது. "வியாழக்கிழமை போகப்போற சீவனுகள். போகமுந்தி ஒருக்காலாவது பொட்டு வைச்சு ஒரு வாய் பொங்கல் குடுப்பம்" என்றாள். இரத்தினத்துக்கும் மறுக்க மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். ஏழாம் நம்பர் மட்டும் கற்பூர நெருப்பைக் கண்டு வரமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. அதையும் ஒரு மாதிரிக் கொண்டுவந்து நிறுத்தினார். கலாதேவி சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தட்டைச் சுற்றினாள். பின்னேரம் ஈரத்துணியால் துடைத்தபோது ஏழு கன்றுக்குப் போய்விட்டது. நாலுக்குத் துடைக்கத் துடைக்கப் பரவியதே தவிரப் போகவில்லை.

சரி, அதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் ரஜிதன் வருகிறான். ரஜிதன் கலாதேவியின் தம்பி. கார்ல்ஸ்ரூஹேயில் பார்சல் வண்டி ஓட்டுகிறான். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விசயம் கிடையாது. தெரியாததை வண்டி ஓட்டிக்கொண்டே யூடியூப்பில் தெரிந்துகொள்வான். ஞாயிறு பின்னேரம் தமக்கை சந்தோசமாகப் படம் அனுப்பியதும் அலறிக்கொண்டு போன் எடுத்தான்.

"அக்கா, உங்களுக்கு விசரோ? யூதருக்குச் சிலை வணக்கம் எண்டால் பரம எதிரி. நீங்கள் கும்பிட்டு விட்ட மாட்டை அவையள் தொடவும் மாட்டினம். பதினொண்டையும் தள்ளிப்போடுவினம். அத்தானிட்டைச் சொல்லுங்கோ, வாயே திறக்கக் கூடாதெண்டு."

இதுதான் செவ்வாய்க்கிழமை காலை இரத்தினத்தின் வாயிலிருந்து 'அடிபட்டது' என்று வந்த கதை. பின்னேரம் கலாதேவி முதியோர் இல்லத்து வேலைக்குப் புறப்படுமுன் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். இரத்தினம் பிட்டைப் பிசைந்தபடி நடந்ததைச் சொன்னார். போனில் ரஜிதனும் இருந்தான், மேசையில் ஊறுகாய்ப் போத்தலோடு சாய்த்து வைத்திருந்தார்கள்.

"ஐயோ அத்தான், ஸ்பிரே எண்டு சொல்லியிருக்கலாமே! இஞ்சை எல்லாப் பண்ணையிலையும் அடையாளத்துக்குச் சிவப்பு ஸ்பிரே அடிக்கிறவங்கள்தானே."

"அந்த நேரத்திலை வாயிலை வந்ததுதானே வரும்."

"பொய்யிலும் ஒரு ஒழுங்கான பொய் சொல்லத் தெரியேல்லை" என்றாள் கலாதேவி. "அடிக்காமல் வளக்கிறதெண்டு கையெழுத்து வைச்ச இடத்திலை அடிபட்டதெண்டு சொல்லியிருக்கிறியள். அந்தாள் இப்ப என்ன நினைக்கும்? நீங்கள்தான் மண்டையிலை போட்டதெண்டு நினைக்கும்."

"அவன் மணந்து பார்த்தவன், கலா. ரத்தமில்லை எண்டு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு பேசாமல் போயிருக்கிறான். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"காலமை சாப்பிட்டதோ எண்டு ஏன் கேட்டவர்?"

"அதுதான் தெரியேல்லை."

"உங்களைக் குடிகாரன் எண்டு நினைச்சிருப்பார். வெறும் வயித்திலை மணம் பிடிக்கலாமெல்லே."

"அத்தான், கவனம். கூப்லரும் அவரும் சேர்ந்துகொண்டு உங்களைத் தள்ளப் பாக்கினம்போலை. பெப்ரவரி வருகுதெல்லே" என்றான் ரஜிதன்.

இரத்தினம் பிட்டைத் தள்ளி வைத்தார். அன்று படுக்கும்வரைக்கும் அவர் எல்லாவற்றையும் சந்தேகித்தார். கூப்லர் வழக்கத்துக்கு மாறாக வணக்கம் சொன்னது ஏன்? மிருக வைத்தியரின் வண்டி பண்ணை வாசலில் மெதுவாகப் போனது ஏன்? கொட்டில் மூலையில் இருக்கிற கமரா இதுவரை வேலை செய்யவில்லை என்று சொன்னார்களே, அது உண்மையா? ஏணி வைத்து ஏறி அதன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். வயர் அறுந்து தொங்கியது. அதிலும் அவருக்கு நிம்மதி வரவில்லை.

புதன்கிழமை காலை லெவின் மறுபடியும் வந்தார். இந்தமுறை பக்கத்தில் கூப்லரும் இருந்தார். கூப்லர் ஆறடி மனுசன், சிரித்தாலும் கோபித்தாலும் முகம் ஒரே மாதிரித்தான் இருக்கும். கலாதேவியும் வேலைக்கு நேரமிருந்தபடியால் தேத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து நின்றாள். தேத்தண்ணி ஒரு சாட்டு. புருசனைத் தனிய விடப் பயம்.

"ரத்னம்" என்றார் லெவின். "நான் ஒரு விசயத்தை யோசிச்சு யோசிச்சுப் பார்த்தனான். அது ரத்தமில்லை, ஏதோ சாயம். சாயத்தைக் காயமெண்டு ஒரு ஆள் ஏன் சொல்லுவான்? வேறெங்கையோ ஒரு காயத்தை மறைக்கிறவன்தான் அப்பிடிச் சொல்லுவான். அதாலை இண்டைக்குப் பதினொண்டையும் தலையிலை இருந்து வால்வரைக்கும் தடவிப் பார்க்கப்போறன்."

கூப்லர் இரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீர் அடிக்கிறனீரோ?"

"இல்லை முதலாளி. சத்தியமா இல்லை."

இதற்குமேல் கலாதேவியால் பொறுக்க முடியவில்லை. இருவரிலும் வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்தவள் அவள்தான். போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். "நாங்கள் கும்பிட்டனாங்கள். வருசத்திலை ஒருநாள் மாட்டுக்கு நன்றி சொல்லுற நாள் எங்களுக்கு. பொட்டு வைச்சது நான். கும்பிட்ட மாட்டை நீங்கள் தள்ளிப்போடுவியள் எண்டு பயந்துதான் இவர் பொய் சொன்னவர். அடிக்கேல்லை."

படத்தில் பதினொரு வெள்ளை முகமும் பொட்டோடு நின்றன. லெவின் இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். பிறகு, "எங்கடை மதகுரு ரப்பியிட்டை ஒருக்காக் கேக்கவேணும்" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனார்.

ஐந்து நிமிடம் ரஷ்ய மொழியில் போன் நடந்தது. இரத்தினத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் 'இந்து' என்று இரண்டுமுறை கேட்டது. மூன்றாம் முறை லெவின் சிரித்தார். சிரிப்பு நல்லதா, கெட்டதா? கலாதேவி தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டு நின்றாள்.

லெவின் திரும்பி வந்தார். "உயிரோடை நிக்கிற மிருகத்தை ஆரோ கும்பிட்டதுக்காக நாங்கள் விலக்கிறேல்லையாம். பொட்டு வையுங்கோ எண்டு கன்று உங்களைக் கேக்கேல்லைத்தானே."

கலாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. கூப்லர் 'ஓஹ்' என்று ஒரு பெருமூச்சு விட்டார். இரத்தினத்துக்கு இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. ரஜிதன் கையில் கிடைத்தால் அந்த நேரம் நாலு சாத்துச் சாத்தியிருப்பார்.

"ஒரு விசயம் கேக்கலாமோ?" என்றார் துணிந்து. "நேற்று ஏன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டனீங்கள்?"

"மிருகத்துக்கு வைக்காமல் நாங்கள் வாயிலை வைக்கக்கூடாதெண்டு எங்களுக்கொரு சட்டம் இருக்கு. நீர் ஆரும் சொல்லாமலே அதைச் செய்யிறீர். நான் நல்லதாத்தான் எழுதினனான்." லெவின் கையுறையை மாட்டினார். "ஆனாலும் தடவிப் பார்க்கப்போறன். கத்தி கடைசியிலை ஒரு நிமிசம். அதுக்கு முந்தின எட்டு மாதத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்."

ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று கன்றுகளை ஒடுங்கின வழியால் ஒவ்வொன்றாக விட்டார்கள். லெவின் நெற்றி, கழுத்து, முதுகு, இடுப்பு, கால் என்று அவசரப்படாமல் தடவினார். கூப்லர் நேரத்தைப் பார்த்தார். ஏழாம் நம்பரின் வாலில் கை பட்டதும் அது துள்ளிக் கத்தியது. வாலின் நடுவில் ஒரு இடம் கத்தரிக்காய் அளவு வீங்கியிருந்தது. அதற்குக் கீழே வால் அசையாமல் தொங்கியது.

அப்போதுதான் இரத்தினத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதாக ஞாபகம் வந்தது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்ற கன்று. பொங்கல் ஆறுகிறது, கற்பூரம் எரிந்து முடியப்போகிறது, கலாதேவி "கெதியாக் கொண்டாங்கோவன்" என்கிறாள். அவர் பின்னால் போய் வாலைப் பிடித்து முறுக்கினார். ஏதோ நொறுங்கினதுபோல் கையில் பட்டது. கன்று ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தது. சின்ன வயதில் இருந்து கை பழகின வேலை. அடி என்று அதை அவர் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. சத்தியம் பண்ணும்போதுகூட ஞாபகம் வரவில்லை.

"கதவு" என்றார் கூப்லர் உடனே. "இந்தப் பழைய இரும்புக் கதவிலை மாட்டுப்பட்டிருக்கும். எத்தினை தரம் மாத்தவேணும் எண்டு சொன்னனான். என்ன ரத்னம், கதவுதானே?"

கூப்லர் சொல்லவேண்டியதைச் சொல்லிக் கையிலும் கொடுத்துவிட்டார். ஓம் என்று தலையாட்டினால் போதும்.

லெவின் கொப்பியை மூடி வைத்துக்கொண்டு பேசினார். "வால் முறிஞ்சதாலை இறைச்சிக்கு விலக்கில்லை. கதவெண்டால் பதினொண்டும் போகும். மனுசன்ரை கையெண்டால் இது போகாது, சபையோடை போட்ட ஒப்பந்தம் அது. நீர் சொல்லும். நான் இன்னொருக்கால் மணந்து பார்க்கப்போறேல்லை."

இரத்தினம் கதவைப் பார்த்தார். கதவு கதவாக நின்றது. பக்கத்தில் கலாதேவி தமிழில், உரத்தும் அல்லாமல் மெல்லவும் அல்லாமல் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. நான் தட்டோடை முன்னுக்கு நிண்டனான். அது கத்தினது எனக்குக் கேட்டது. விடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. கெதியாக் கொண்டாங்கோ எண்டுதான் சொன்னனான். இன்னொரு பொய்யை என்ரை தலையிலை ஏத்தாதையுங்கோ."

"வீடு போகுமடியப்பா."

"போகட்டும்."

இரத்தினம் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. "கதவில்லை" என்றார். "என்ரை கை."

"ஏன்?"

"வெளியிலை வரமாட்டன் எண்டு நிண்டது."

"எதுக்கு வெளியிலை வரவேணும்?"

இரத்தினத்துக்கு முகம் எரிந்தது. "கும்பிடுறதுக்கு."

லெவின் சிரிக்கவில்லை. கூப்லர்தான் வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போனார். லெவின் கன்றின் வாலை மெதுவாகக் கீழே விட்டார்.

"எங்களிட்டையும் இது இருக்கு, ரத்னம். கத்தியிலை மயிரளவு பல் இருக்கோ எண்டு நகத்திலை வைச்சுப் பாக்கிறவங்கள் நிக்கிற இடத்திலை, அந்த மாட்டை லொறியாலை இறக்கேக்கை காலாலை உதைக்கிறதைக் கண்ணாலை கண்டனான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. எல்லாரும் கத்தியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை. அண்டையிலை இருந்துதான் இந்தக் கொப்பியோடை திரியிறன்."

அவர் கொப்பியில் ஏழாம் நம்பருக்கு மேலே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் இரண்டு வரி எழுதி, இந்தமுறை இரத்தினத்துக்குத் திருப்பிக் காட்டினார். ஒன்றில் பொய் சொன்னார் என்றிருந்தது. மற்றதில் உண்மை சொன்னார் என்றிருந்தது.

கூப்லர் பின்னேரமே அப்மானுங் கொடுத்தார். இன்னொருமுறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்கிற எச்சரிக்கைக் கடிதம். நிரந்தர வேலை என்ற பேச்சு போய்விட்டது. ஆனால் சபை அடுத்த தொகுதிக் கன்றுகளுக்கும் சரி என்று சொன்னதால், இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம், வீடும் இருக்கும். கலாதேவி வேலையிடத்திலிருந்து போன் பண்ணி, "அப்பாடா, தப்பினம்" என்றாள். ரஜிதன் தான் அப்போதே உண்மையைச் சொல்லச் சொன்னதாகச் சொன்னான்.

வியாழக்கிழமை லொறி வந்தது. பத்துக் கன்றையும் இரத்தினம் ஒரு தட்டுத் தட்டாமல், வாளியில் தீனைக் காட்டிக் காட்டி ஏற்றினார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. சாரதி பொறுமை இழந்து ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டார். லொறி மூடுபனிக்குள் மறைந்ததும் கொட்டில் பெரிதாகத் தெரிந்தது. மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, எல்லோரும் மன்னித்துவிட்டார்கள் என்ற நினைப்பில், ஏழாம் நம்பருக்குத் தீனோடு இரண்டு அப்பிளும் வெட்டிப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

வைக்கோலில் படுத்திருந்த கன்று அவரைக் கண்டதும் எழும்பியது. எழும்பி, பின்பக்கத்தை மூலைச் சுவரோடு ஒட்ட வைத்துக்கொண்டு அவரைப் பார்த்து நின்றது. அவர் ஒரு அடி வலப்பக்கம் வைத்தார். அதுவும் சுவரை விடாமல் அவரைப் பார்த்தபடியே திரும்பியது. எட்டு மாதம் அவருடைய கையை நக்கின கன்று.

"வாடா. ஒண்டும் செய்யமாட்டன்."

அது வரவில்லை. வாளியை நடுவில் வைத்துவிட்டுப் பின்னுக்கு வந்தார். வரவில்லை. கம்பிக்கு வெளியே வந்து படலையைச் சாத்தினார். வரவில்லை. கொட்டிலின் அந்தக் கடைசித் தொங்கல்வரைக்கும் நடந்துபோய்த் தூணுக்குப் பின்னால் நின்றார். கனநேரம் கழித்து வைக்கோல் மிதிபடும் சத்தம் கேட்டது. பிறகு வாளிக்குள் அப்பிள் கடிபடும் சத்தம் கேட்டது. இரத்தினம் அதைப் பார்ப்பதற்காக மெதுவாக ஒரு அடி எடுத்து வைத்தார். சத்தம் நின்றது.